மலைச்சுவர் இறக்கும் தண்ணீர்: கென்யாவின் கெரியோ பள்ளத்தாக்கில் ஒரு பயணம்

கென்யாவின் எல்டோரெட் நகரத்திலிருந்து வடகிழக்கே 35 கிலோமீட்டர் போனால் இட்டென் என்ற சிற்றூர் வரும். அதுவரை சமவெளிதான். இருபுறமும் மக்காச்சோளம், கோதுமை, கறவை மாடுகள் மேயும் புல்வெளி. கடல் மட்டத்திலிருந்து 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம் என்பது மூச்சு வாங்கும்போதுதான் தெரியும். உலக ஓட்டப்பந்தய வீரர்கள் பயிற்சிக்கு வரும் ஊர் அது. விடியற்காலையில் தெருவெங்கும் ஓடுகிறார்கள். அவர்களைப் பற்றி எழுத வேறு பத்திரிகைகள் இருக்கின்றன. நான் போனது ஊரின் கிழக்கு எல்லையைப் பார்க்க.

அந்த எல்லையில் நிலம் முடிந்துவிடுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. ஆயிரம் மீட்டருக்கும் மேல் கீழே பழுப்பு நிறத்தில் கெரியோ பள்ளத்தாக்கு கிடக்கிறது. அதற்கும் அப்பால் நீலமாகத் துகென் மலைகள். காலுக்குக் கீழே பருந்துகள் வட்டமடிக்கின்றன. இந்தச் செங்குத்துச் சரிவைத்தான் எல்கேயோ மலைச்சுவர் என்கிறார்கள். ஆப்பிரிக்காவின் பெரும் பிளவுப் பள்ளத்தாக்குடைய மேற்குக் கரைகளில் இதுவும் ஒன்று.

'பிளவுப் பள்ளத்தாக்கு என்றால் வறண்ட பாறைக் காடுதானே, அங்கே விவசாயத்துக்கு என்ன வேலை?' என்று புறப்படும்முன் நண்பர் ஒருவர் கேட்டார். 2024 ஜனவரியில் பத்து நாள் அந்தச் சுவரின் மேலும் கீழும் அலைந்து பார்த்ததை, அவருக்குச் சொல்லும் பதிலாகவே எழுதுகிறேன்.

ஆறு அரிக்காத பள்ளத்தாக்கு

நமக்குத் தெரிந்த பள்ளத்தாக்குகள் பெரும்பாலும் ஆறு அரித்தவை. இது அப்படியல்ல. இங்கே நிலமே இறங்கியிருக்கிறது. 1893-ல் பரிங்கோ ஏரி வரை நடந்து சென்ற பிரிட்டிஷ் புவியியலாளர் ஜான் வால்டர் கிரிகரி, இதை விளக்கி 1896-ல் புத்தகம் எழுதினார். 'ரிஃப்ட் வேலி' என்ற பெயர் நிலைத்தது அவரால்தான். எத்தியோப்பியாவிலிருந்து மொசாம்பிக் வரை மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் இந்தப் பிளவில், ஆப்பிரிக்கக் கண்டம் இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கிறது. வேகம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். நம் நகம் வளரும் வேகம்கூட இல்லை. ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிற்காமல் நடக்கிறது.

நிலத்தைப் பிடித்து இழுத்தால் நடுவில் விரிசல் விழும். விரிசலை ஒட்டிய துண்டு கீழே இறங்கும். கெரியோவில் அந்தத் துண்டு நேராக இறங்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்து, கீல் வைத்த பலகை போலச் சாய்ந்தது. தாழ்ந்த பக்கம்தான் எல்கேயோ சுவரின் அடிவாரம். மறுபக்கம் தூக்கிக்கொண்டு நிற்பது துகென் மலை. அதனால்தான் துகென் மலை கெரியோவை நோக்கி மெல்லச் சரிந்தும், அந்தப் பக்கம் பரிங்கோவை நோக்கிச் செங்குத்தாகவும் இருக்கிறது. கெரியோ ஆறு இந்தச் சாய்ந்த பலகையின் தாழ்ந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வடக்கே ஓடி, துர்கானா ஏரியில் சேர்கிறது. அது கடலைப் பார்ப்பதே இல்லை.

இட்டெனிலிருந்து தம்பாச் வழியாக இறங்கும் சாலையில் போனால் இந்த வரலாற்றை மேலிருந்து கீழாகப் பார்த்துவிடலாம். முதலில் வருவது கறுஞ்சாம்பல் நிறத்தில் தூண் தூணாக வெடித்து நிற்கும் எரிமலைப் பாறை. பெயர் ஃபோனோலைட். தட்டினால் ஒலிக்கும் கல் என்று அர்த்தம். சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், வெண்கலக் கிண்ணத்தைத் தட்டியது போலச் சத்தம் வந்தது. ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் குழம்பாகப் பரவி, இந்த மேட்டு நிலத்தையே மூடிய பாறை இது. அதன்மேல் உண்டான செம்மண்தான் மேலே மக்காச்சோளத்தையும் உருளைக்கிழங்கையும் விளைவிக்கிறது. அதற்குக் கீழே, பிளவின் ஆரம்ப காலத்தில் படிந்த வண்டல் அடுக்குகள். இன்னும் கீழே வந்தால் வரி வரியாக, மைக்கா மினுங்கும் பழைய நைஸ் பாறை. வயது ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல்.

அந்தக் கல்லைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. அதில் ஆச்சரியமில்லை. ஆப்பிரிக்காவும் இந்தியாவும் கோண்டுவானா என்ற ஒரே கண்டமாக ஒட்டியிருந்த காலத்தில், கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஒரே மலைத்தொடரின் அடியில் வெந்து உருவான பாறைகள் இவை. நம் ஊர்க் கல்குவாரியில் உடைபடுவதும் கெரியோ அடிவாரத்தில் கிடப்பதும் பங்காளிகள்.

கடினமான அடுக்கு நிமிர்ந்து நிற்கும். மிருதுவான அடுக்கு தேய்ந்து படியாகும். அதனால் சுவர் ஒரே மூச்சில் விழாமல் நடுவில் திண்ணை போலத் தட்டுகளை விட்டிருக்கிறது. கெஸ்ஸுப், தம்பாச் எல்லாம் அப்படிப்பட்ட தட்டுகளில் உட்கார்ந்திருக்கும் ஊர்கள். மேலே பெய்த மழை எரிமலைப் பாறையின் விரிசல்களில் இறங்கி, கீழே இறுகிய பாறையில் முட்டி, ஊற்றாக வெளியே வருகிறது. விவசாயிக்கு இந்தச் சுவரால் கிடைக்கும் முதல் லாபம் அந்த ஊற்று.

மூன்று நாடுகள்

ஒரே நாளில் மூன்று பருவங்களைத் தாண்டலாம். மேலே காலையில் ஸ்வெட்டர் வேண்டும். ஆண்டு மழை 1,200 முதல் 1,500 மில்லிமீட்டர். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பைரித்ரம் பூ, பால் மாடு. நடுத் தட்டில் வாழை, அவரை, மக்காச்சோளம். கீழே, 1,000 முதல் 1,200 மீட்டர் உயரத்தில், வேலமரமும் கற்றாழையும் முளைத்த வெயில் காடு. மழை மேலே பெய்வதில் பாதிதான். சோளம், கேழ்வரகு, பச்சைப்பயறு, நிலக்கடலை, மரவள்ளி, இப்போது எங்கே பார்த்தாலும் மா. வடக்கே வாழும் மாரக்வெட் மக்கள் இந்த மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள்: மேல்நாடு மோசோப், சரிவு லகாம், பள்ளத்தாக்கு கேயு.

கேழ்வரகைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் நம்முடையது என்று உரிமை கொண்டாடும் இந்தத் தானியம் முதலில் பயிரானது எத்தியோப்பியா, உகாண்டா பக்கத்து மேட்டு நிலங்களில். அங்கிருந்துதான் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவுக்கு வந்தது. சுவாஹிலியில் விம்பி என்கிறார்கள். ஒரு வீட்டில் விம்பிக் கஞ்சி கொடுத்தார்கள். லேசாகப் புளிக்க வைத்திருந்தார்கள். நம் கூழ்தான், உப்புக்குப் பதில் சர்க்கரை.

பிரெட்வோ என்ற அடிவார ஊரிலிருந்து, சுவரை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே போகும் சாலையில் ஆரோர், செசொங்கோச், தோட் என்று ஊர்கள். போகப் போக எரிமலைப் பாறைத் தொப்பி மெலிந்து காணாமல் போகிறது. தோட் பக்கம் நிற்பது முழுக்கப் பழைய பாறை. அதன் தலையில் செரங்கானி மலைகள், 3,500 மீட்டர் வரை. கென்யாவின் ஐந்து பெரிய 'நீர்க் கோபுரங்களில்' ஒன்று என்று அந்த மலைகளைச் சொல்கிறார்கள். ஆரோர், எம்போபுட் போன்ற ஆறுகள் அங்கே காட்டில் பிறந்து, சுவரைப் பிளந்துகொண்டு கெரியோவுக்கு ஓடி வருகின்றன. வழியிலேயே அவற்றை மடக்கிப் பிடித்திருக்கிறார்கள் மாரக்வெட் விவசாயிகள். நான் இவ்வளவு தூரம் வந்தது அதைப் பார்க்கத்தான்.

பாறையில் ஒட்டிய வாய்க்கால்

முதலில் என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அழைத்துப்போன விரிவாக்கப் பணியாளர் கையை நீட்டி, 'அந்தப் பச்சைக் கோட்டைப் பாருங்கள்' என்றார். காய்ந்த சரிவின் நடுவில், மட்டக்கோல் வைத்துக் கிழித்தது போல ஒரு மெல்லிய பச்சைக் கோடு கிலோமீட்டர் கணக்கில் ஓடியது. வாய்க்கால் கசிவில் வளர்ந்த செடிகள் அவை. ஏறிப் போய்ப் பார்த்தோம். முழங்கால் ஆழம், ஒன்றரை முழ அகலம். ஓரிடத்தில் பாறையைக் குடைந்து போகிறது. குடைய முடியாத இடத்தில் கீழிருந்து கல் அடுக்கிச் சுவர் எழுப்பி, அதன்மேல் போகிறது. செங்குத்துப் பாறை வந்த இடத்தில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, கிளைகளையும் இலைதழைகளையும் மண்ணையும் நெருக்கி அடைத்து, தொங்கும் தொட்டி போலத் தண்ணீரைக் கடத்துகிறார்கள். கீழே குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்படிப் பெரிய வாய்க்கால்கள் நாற்பது போல உண்டு. மொத்த நீளம் சுமார் 250 கிலோமீட்டர் என்று ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். குறைந்தது இரண்டு நூற்றாண்டுப் பழசு. கட்டியவர்களிடம் இரும்பு சம்மட்டியும் இல்லை, மட்டம் பார்க்கும் கருவியும் இல்லை. 'தண்ணீரே மட்டம்' என்றார் வாய்க்கால் ஓரம் உட்கார்ந்திருந்த பெரியவர். வயதானவர்களை 'மூஸே' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். ஆற்றிலிருந்து தோண்ட ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை விட்டு, அது எங்கே தயங்குகிறதோ அங்கே இன்னும் ஒரு விரல் வெட்டுவார்களாம். பாறை மறித்தால் அதன்மேல் நெருப்பு மூட்டிச் சுட வைத்து, தண்ணீர் ஊற்றிப் பிளப்பார்களாம்.

ஆற்றில் போடும் அணை நம் ஊர்க் கொரம்பேதான். கல், கிளை, புல், மண். வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போகும், போகட்டும் என்றே கட்டுவது. பெரிய வெள்ளத்தை மறித்தால் அது வாய்க்காலுக்குள் புகுந்து மொத்தச் சரிவையும் கிழித்துவிடும். கொரம்பு போனால் இரண்டு நாள் வேலை, வாய்க்கால் போனால் ஒரு போகம்.

தண்ணீர் குலத்துக்குச் சொந்தம். ஒவ்வொரு குலத்தின் நிலமும் மேலே காட்டிலிருந்து கீழே ஆற்றுப் படுகை வரை, சுவரின் குறுக்கே தொங்கும் வேட்டி போல நீளமாகக் கிடக்கிறது. அதாவது ஒவ்வொரு குலத்துக்கும் கொஞ்சம் காடு, கொஞ்சம் தட்டு, கொஞ்சம் கீழ்நிலம். பாறையைப் படித்த புவியியலாளர் வரைபடத்தில் கோடுகளைக் கிடையாகப் போடுவார். இவர்கள் செங்குத்தாகப் போட்டிருக்கிறார்கள். மேலே ஒருவன் கெடுத்தால் கீழே அவன் உறவுக்காரனே அனுபவிப்பான் என்ற கணக்கு அதில் இருக்கிறது. இதைவிட நல்ல நிலப் பங்கீட்டை நான் பார்த்ததில்லை.

பங்கு முறைப்படி பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர். தகராறு வந்தால் கொக்வோ என்ற ஊர்க்கூட்டம். ஒரு பெரிய மரத்தடியில் கற்களைப் போட்டு உட்கார்ந்து பேசுகிறார்கள். மராமத்துக்கு வராத வீட்டுக்கு அபராதம் உண்டு, திருட்டுத் தண்ணீருக்கு ஆடு. இரவு முறை வந்தவர் கைவிளக்கோடு வாய்க்கால் முழுவதும் நடந்து, வழியில் யாராவது மடை திறந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. உலகத்தில் எந்த மூலையிலும் கடைமடைக்காரனுக்குத் தூக்கம் கிடையாது போல.

ஒன்று மட்டும் உறுத்தியது. பரம்பரை வழக்கப்படி பெண்கள் தலைமடைப் பக்கம் போகக்கூடாது, கொக்வோவில் பேசவும் உரிமையில்லை. வயலில் களையெடுப்பதும் அறுப்பதும் சுமப்பதும் அவர்கள்தான். இதைக் கேட்டபோது ஆண்கள் வழக்கம் என்றார்கள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கணவன் வெளியூரில் இருக்கும் வீடுகளில் முறைத் தண்ணீர் தவறிப் போவது பற்றி ஒரு பெண் கோபமாகவே சொன்னார்.

வீடுகள் வயலருகே இல்லை. சரிவின் கீழ்த் தட்டுகளில், பாறைகளுக்கு நடுவே இருக்கின்றன. கீழே கொசு, மலேரியா. அதோடு கால்நடைக் கொள்ளைத் துப்பாக்கிச் சண்டையும் உண்டு. கெரியோ ஆற்றை ஒட்டிய நல்ல வண்டல் நிலம் நிறைய, அந்தப் பயத்தாலேயே தரிசாகக் கிடக்கிறது. மனிதர் குறைந்தால் மராமத்தும் குறைகிறது. படித்த பிள்ளைகள் எல்டோரெட் பக்கம் போய்விட்டார்கள்.

சிமென்ட்டா, கிளையா?

சில வாய்க்கால்களில் வெளி உதவியோடு சிமென்ட் பூசியிருக்கிறார்கள், சில இடங்களில் குழாய் போட்டிருக்கிறார்கள். கசிவு குறைந்தது உண்மை. ஆனால் சரிவு நகரும் இடத்தில் சிமென்ட் வெடிக்கிறது. வெடித்தால் மூட்டை சிமென்ட்டைத் தலைச்சுமையாக மேலே ஏற்ற வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். கிளையும் மண்ணும் அங்கேயே கிடைக்கும். 'சிமென்ட் உடைந்தால் கடிதம் எழுத வேண்டும். கிளை உடைந்தால் கத்தியை எடுத்தால் போதும்' என்றார் மூஸே. என் கருத்தும் அதுதான், ஒரு திருத்தத்தோடு: அசையாத பாறையில் போகும் பகுதிக்குச் சிமென்ட் நல்லது. மண் சரிவில் போகும் பகுதியை அவர்கள் முறைக்கே விட்டுவிடலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க எஞ்சினியர் சரிவில் நடக்க வேண்டும், அதுதான் நடப்பதில்லை.

போர்வெல் போடக்கூடாதா என்று கேட்பீர்கள். பிளவுப் பள்ளத்தாக்கின் எரிமலைப் பாறைகளில் ஃபுளோரைடு அதிகம், பல இடங்களில் நிலத்தடி நீரில் அது அளவு மீறி இருக்கிறது. தருமபுரி, சேலம் பக்கத்து வாசகர்களுக்குப் பழுப்பேறிய பற்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இதே பள்ளத்தாக்கின் தெற்கில் கிம்வரேரில் ஃபுளோர்ஸ்பார் சுரங்கமே பல்லாண்டு ஓடியது. மேலிருந்து வரும் மழைத் தண்ணீர் அந்த வகையிலும் உயர்ந்தது. ஆரோரிலும் கிம்வரேரிலும் பெரிய அணைகள் கட்டுவதாகச் சொன்னார்கள். 2019-ல் பணம் போன வழி பற்றி வழக்கு வந்து, நிதியமைச்சராக இருந்தவரே கைதாகி, 2023-ல் விடுதலையும் ஆகிவிட்டார். நான் போனபோது அணையும் இல்லை, வேலையும் நடக்கவில்லை. வாய்க்கால்கள் ஓடிக்கொண்டிருந்தன.

மேலே வெட்டினால்

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. பழைய பாறை மக்கி உண்டான மண், செங்குத்தான சரிவில் மரவேரின் பிடியில்தான் நிற்கிறது. மேலே காடு குறைந்து, உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் சரிவின் உதடு வரை வந்துவிட்டன. நடுச் சரிவிலும் எரித்து உழுகிறார்கள். குற்றம் யாருடையது என்பதில் சண்டை. எம்போபுட் காட்டில் வாழ்ந்த செங்வெர் மக்களை, காட்டைக் காப்பதற்காக என்று சொல்லி 2014 ஜனவரியில் அரசு வெளியேற்றியது, குடிசைகளும் எரிந்தன. காட்டில் தேனெடுத்து வாழ்ந்தவர்களை விரட்டினால் காடு தானாக வளர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை.

2020 ஏப்ரலில் செசெகோனில் மண்சரிவும் வெள்ளமும் வந்து பலர் இறந்தார்கள். நான் திரும்பி வந்த அடுத்த ஆண்டு, 2025 அக்டோபர் கடைசி நாள் இரவில், செசொங்கோச் பக்கம் மலை மறுபடி இறங்கியது. இருபது பேருக்கு மேல் தூக்கத்திலேயே போனார்கள். நாங்கள் வாகனத்தை நிறுத்தி மாம்பழம் வாங்கிய சாலை அது. செய்திப் படத்தில் சரிவின் நடுவே செம்மண் நிறத்தில் ஒரு நீளக் காயம் தெரிந்தது. அந்த ஓடைகளின் வாயிலிருந்து வீடுகளை நகர்த்தச் சொல்கிறார்கள். கீழே கொசுவும் துப்பாக்கியும், மேலே மண். எங்கே நகர்வது என்பதுதான் அந்த மக்களுக்கு இப்போதுள்ள கேள்வி.

மாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. 'ஆப்பிள் மாம்பழம்' என்ற ரகம், பெரிய உருண்டைப் பழம், நார் குறைவு. ஒட்டுக் கன்றுகளை இப்போது அவர்களே கட்டுகிறார்கள். பழ ஈ தொல்லை அதிகம், பறிக்கும் நேரத்தில் வியாபாரி வைத்ததே விலை. இனக்கவர்ச்சிப் பொறியைச் சில தோப்புகளில் பார்த்தேன். ஆனால் தோப்புக்கு ஒன்று தொங்கவிட்டுப் பயனில்லை, ஊரே சேர்ந்து வைக்க வேண்டும். வாய்க்காலுக்குக் கூடுகிறவர்கள் இதற்குக் கூடவில்லையா என்று கேட்டேன். 'வாய்க்கால் தாத்தா கொடுத்தது, மா வியாபாரி கொடுத்தது' என்றார் விரிவாக்கப் பணியாளர்.

புறப்படும் நாளில் மூஸே என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் ஊரில் கொரம்பு கட்டுகிறீர்கள் என்றாயே, கல்லுக்கு நடுவில் எந்தச் செடியை வைத்து அடைக்கிறீர்கள், அது எத்தனை வெள்ளம் தாங்குகிறது? நான் பார்த்தவரை நாணலும் வைக்கோலும் என்று சொன்னேன். அவர் திருப்தியடையவில்லை. நாணல் ஒரு மழைக்கு மேல் நிற்காதே என்றார். மலையடிவார ஆறுகளில் இன்னமும் கொரம்பு போடும் வாசகர்கள், என்ன செடி, எப்படி அடுக்குகிறீர்கள் என்று கேள்வி-பதில் பகுதிக்கு எழுதினால், மொழிபெயர்த்து அவருக்கு அனுப்பி வைக்கிறேன். அவர்கள் ஊரில் மார்ச்சில் மழை தொடங்கிவிடும். பிப்ரவரிக்குள் கிடைத்தால் நல்லது.